பேராச்சி அடுக்கிய வறட்டி

இலஞ்சி,
14-2-1982

அன்புள்ள மாரிக்கு,

சுந்தரி எழுதுவது. இங்கே எல்லாரும் உயிரோடும் வாயோடும் இருக்கிறோம். உன் வீட்டிலும் அப்படியே இருக்க வேண்டும் என்று குற்றாலநாதரைக் கும்பிட்டுக்கொண்டு எழுதுகிறேன்.

முதலில் ஒரு சண்டை. போன கடிதத்தில் என்னைச் "சின்னாச்சி அவர்களுக்கு" என்று எழுதியிருந்தாய். ஊருக்கு வந்தால் அப்படிக் கூப்பிட்டுக்கொள், நாலு பேர் பார்க்கிற இடம், எனக்கும் வேறு வழியில்லை. ஆனால் எட்டாம் வகுப்பு வரைக்கும் ஒரே பெஞ்சில் இருந்து உன் கணக்கை நானும் என் கட்டுரையை நீயும் பார்த்து எழுதினவர்கள் நாம். காகிதத்திலாவது சுந்தரி என்று கூப்பிடு. காகிதத்தை யார் எட்டிப் பார்க்கப் போகிறார்கள்? மாட்டேன் என்றால், உன் அம்மா சொல்லச் சொல்ல எழுத வேறு ஆளைப் பார்த்துக்கொள்ளுங்கள். போஸ்ட்மேன் எழுதித் தருவான், ஊர் முழுக்கச் சொல்லியும் வைப்பான்.

பம்பாயில் மில் எல்லாம் ஸ்டிரைக் என்று பேப்பரில் போட்டிருப்பதாக என் வீட்டுக்காரர் வாசித்துச் சொன்னார்கள். உன் வீட்டுக்காரர் மில்லும் அதில் சேர்த்தியா? உடனே எழுது.

என் கண் பழைய கதைதான். காலையில் எழுந்தால் இமை ஒட்டிக்கொள்ளுகிறது. ராத்திரி இருமல். தென்காசி டாக்டர், "சொட்டு மருந்து நான் தருவேன் அம்மா, உங்க அடுப்புப் புகையை யார் நிறுத்துறது?" என்று கேட்டுவிட்டார். அதைக் கேட்டதிலிருந்து இவர்களுக்குப் புதிதாக ஒரு யோசனை. தொழுவுக்குப் பின்னால் கிணறு மாதிரி ஒரு குழி வெட்டுகிறார்கள். அதில் சாணியைக் கரைத்து ஊற்றி, மேலே இரும்பு டிரம்மைக் கவிழ்த்துவிட்டால் கேஸ் கிளம்பிக் குழாய் வழியாக அடுப்படிக்கே வந்துவிடுமாம். கோபர் கேஸ் என்று பெயர். பிளாக் ஆபீஸில் மானியம் தருகிறார்கள். எங்கள் மாமனார் மட்டும், "சாணியில வெந்த சோத்தத் திங்கத்தான் இந்த ஆவுடைநாயகம் பொறந்தானா?" என்று இரண்டு நாளாகக் கோபத்தில் காப்பி குடிக்கவில்லை. கோபம் யார்மேல், காப்பி யாருடையது என்று நான் கேட்கவில்லை.

இனி உன் அம்மா சொல்லுவது. வாசற்படியில் உட்கார்ந்திருக்கிறாள், கையெல்லாம் சாணி.

"ஏட்டி மாரி, நான் நல்லாத்தான் இருக்கேன். கண்ணு தெரியுது, காலு நடக்குது. இந்த வருசம் வெயிலு நல்லா அடிக்குது, வறட்டி ஒரே நாள்ல பொரிஞ்சு காயுது. குத்தாலத்துல முகம்மது கனி டீக்கடைக்கு சீசனுக்கு வேணும்னு இப்பவே சொல்லிட்டாரு. பிள்ளையள வெயில்ல விடாத. நீ துட்டு அனுப்பலன்னா பரவால்ல, காயிதம் அனுப்பு."

அவ்வளவுதான் சொன்னாள். இன்னும் சொல் என்றேன். "போதும், மை செலவாவுது" என்கிறாள்.

உன்,
சண்முகசுந்தரி


தாராவி, பம்பாய்,
3-3-1982

அன்புள்ள சுந்தரி,

மிரட்டலுக்குப் பயந்து சுந்தரி என்றே எழுதிவிட்டேன். எழுதும்போது கை கூசியது. இரண்டாம் தடவை எழுதும்போது அவ்வளவு கூசவில்லை.

ஆமாம், இவருடைய மில்லும் மூடித்தான் கிடக்கிறது. காலையில் எழுந்து குளித்துச் சட்டை போட்டுக்கொண்டு மில் வாசல் வரை போய் நின்றுவிட்டு வருகிறார். சும்மா இருக்கிற ஆளுக்குத்தான் பசி அதிகம் என்பது சரியாக இருக்கிறது. நான் இட்லி அவித்துச் சந்துக்குள் விற்கிறேன். நம் ஊர்க்காரர்கள் நிறைய இருப்பதால் ஓடுகிறது. மண்ணெண்ணெய்க்குத்தான் விடியுமுன்னே வரிசையில் நிற்க வேண்டியிருக்கிறது. அதனால் அம்மாவுக்கு மணியார்டர் இனி எப்போது என்று சொல்ல முடியாது. பக்குவமாக எடுத்துச் சொல்.

உன் கண்ணுக்கு நல்லது நடக்கட்டும். அந்தப் புகையில் நீ படுகிற பாட்டை நான் பார்த்திருக்கிறேன். ஆனால் ஒன்று கேட்கட்டுமா, தப்பாக எடுத்துக்கொள்ளாதே. அம்மா உங்கள் தொழுவைக் கூட்டுவதற்குக் கூலி என்று வாங்கியதில்லை. கூட்டுகிறவளுக்குச் சாணி, அதுதான் உன் மாமியார் காலத்திலிருந்து கூலி. அந்தச் சாணியைத் தட்டித்தான் எனக்கு நோட்டு வாங்கினாள். டிரம்முக்குள் சாணி எல்லாம் போய்விட்டால் அம்மா எதைத் தட்டுவாள்?

மாடு எட்டுப் பத்து இருக்கிற வீடு, மிச்சம் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். ஆனாலும் நீ ஒரு வார்த்தை எழுதினால் நிம்மதி.

உன்,
மாரி


இலஞ்சி,
22-4-1982

என் மாரிக்கு,

எரிந்துவிட்டது! சித்திரை பிறந்த அன்றைக்கே பற்றவைத்தோம். சங்குப்பூ நிறத்தில், துளிப் புகை இல்லாமல். நான் அடுப்படியில் நின்று அழுதேன். புகை இல்லாமல் அந்த இடத்தில் நான் அழுதது அதுதான் முதல் தடவை. மாமாவுக்கு முதல் காப்பியைக் கொடுத்தேன். மோந்து பார்த்தார், குடித்தார், "சீனி கம்மி" என்றார். அதோடு விவகாரம் முடிந்தது.

உன் அம்மாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். குனிந்து நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். "இது எஞ் சாணியா சின்னாச்சி, இப்பிடி எரியுது?" என்று கேட்டாள். எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு வரவில்லை.

நீ கேட்டதற்குப் பதில். மிச்சம் இல்லை, மாரி. நானும் இருக்கும் என்றுதான் நினைத்தேன். ஆனால் டிரம் மேலே எழும்ப வேண்டுமானால் கூடை கூடையாகக் கொட்ட வேண்டியிருக்கிறது. கரைந்து வெளியே வருகிற கூழ் வயலுக்குப் போகிறது, பயிர் கருகருவென்று நிற்கிறது என்று இவர்களுக்குப் பூரிப்பு. அதனால் பழைய ஏற்பாட்டை மாற்றி, உன் அம்மாவுக்கு மாதாமாதம் நெல் அளக்கச் சொல்லிவிட்டார்கள். தொழு கூட்ட வேண்டியது, சாணியைத் தொட்டியில் கரைத்து ஊற்ற வேண்டியது, அவ்வளவுதான். வெயிலில் கூடையைத் தூக்கிக்கொண்டு குற்றாலம் வரை அலைய வேண்டாம். இந்த வயதில் அது நல்லதுதானே? பயப்படாதே. அவள் குடிசைக்குப் பின்னால் ஓலை மூடிய வறட்டி அடுக்கு ஆள் உயரத்துக்கு அப்படியே நிற்கிறது. அவசரம் என்றால் அதை விற்றால் ஒரு வருஷம் உட்கார்ந்து சாப்பிடலாம்.

உன் அம்மா சொல்லுவது:

"மாரி, நெல்லு அளக்காவ, வாங்கிக்கிடுதேன். முன்னே நான் ஏவாரம் பண்ணுனேன், என்னைத் தேடி ஆளு வந்திச்சு. இப்ப கூலிக்காரி. அவ்வளவுதான் வித்தியாசம். சின்னாச்சி கண்ணு தெளிஞ்சிருக்கு, அது போதும். கனி கடைக்கு வறட்டி இல்லன்னு சொல்லிட்டேன். அவரு மரத்தூள் அடுப்புக்கு மாறிட்டாரு. அடுக்க நான் தொடல. தொடவும் மாட்டேன்."

கடைசி வரியை எழுதச் சொல்லி இரண்டு தடவை சொன்னாள். ஏன் என்று கேட்டேன். "மாரிக்குத் தெரியும்" என்கிறாள். என்ன ரகசியம் தாயும் மகளும்?

உன்,
சுந்தரி


தாராவி,
6-6-1982

அன்புள்ள சுந்தரி,

ரகசியம் ஒன்றும் இல்லை. உனக்குத் தெரிந்ததுதான், மறந்திருப்பாய்.

நாம் ஐந்தாவது படித்த வருஷம் ஆடியில் அப்பா செத்தார். சாரல் விடவே இல்லை. வறட்டி வாங்க வழியில்லாமல் அப்பாவைச் சிற்றாற்றங்கரையில் குழி தோண்டி மண்ணில் வைத்தார்கள். எங்களில் எரிக்கிற வழக்கம்தான், இல்லாதவனுக்கு வழக்கம் ஏது? அந்த ஐப்பசியிலேயே ஆறு பெருகிக் கரையை உடைத்தது. அம்மா ஓடிப்போய்க் கரையில் நின்றாள். அங்கே என்ன பார்த்தாள் என்று இன்றுவரை என்னிடம் சொன்னதில்லை. அதற்குப் பிறகுதான் உங்கள் தொழுவுக்கு வந்து, தொழு கூட்டுகிறேன், சாணியைக் கொடுங்கள் என்று கேட்டாள்.

அந்த அடுக்கு அவளுக்கு. அவளை எரிக்க. ஒவ்வொரு கோடையிலும் நல்ல வறட்டியாகப் பொறுக்கிப் புதிதாக அடுக்குவாள், பழையதை எடுத்து விற்பாள். ஊரில் எந்தச் சாவுக்கும் வறட்டி அவள்தான் கொடுத்தாள், ஆனால் அந்த அடுக்கில் மட்டும் யாரையும் கைவைக்க விட்டதில்லை. நான் பம்பாய்க்கு வந்தபோது என்னிடம் அவள் கேட்டது துட்டு இல்லை, துணி இல்லை. "என்னைய மண்ணுல மட்டும் வச்சிராதீங்க" என்பதுதான்.

நீ விற்கலாம் என்று எழுதியதை வாசித்தபோது, அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து கேட்டிருப்பாளே என்று நினைத்துக்கொண்டேன். நெல் போதுமா என்று கொஞ்சம் பார்த்துக்கொள். போதாது என்றால் அவள் வாயால் சொல்ல மாட்டாள்.

உன்,
மாரி


இலஞ்சி,
11-8-1982

அன்புள்ள மாரிக்கு,

மாமா போய்விட்டார். போன வெள்ளிக்கிழமை, விடியக்காலம், தூக்கத்திலேயே. நல்ல சாவுதான் என்கிறார்கள். சாரல் மட்டும் நல்ல சாரல் இல்லை. சீசன் ஜோர் என்று குற்றாலத்தில் கூட்டம் நெரிகிறது. இங்கே ஒரு வாரமாக முற்றம் காயவில்லை.

இனி எழுதப் போவதை நீ எப்படி எடுத்துக்கொள்வாய் என்று தெரியவில்லை. யார் வாயாலாவது கேட்பதற்கு என் கையாலேயே தெரிந்துகொள்.

விறகு எல்லாம் நனைந்து கிடந்தது. வறட்டிக்கு ஆள் விட்டார்கள். எங்களைப் பார்த்து எங்கள் தெருவிலேயே இன்னும் மூன்று வீட்டில் டிரம் வைத்துவிட்டார்கள். இப்போது யார் வீட்டுச் சாணியும் சுவரில் ஏறுவதில்லை. தென்காசியிலிருந்தும் வெறும் வண்டி திரும்பி வந்தது. மத்தியானம் ஆகிவிட்டது, பெரிய ஐயாவை இன்னும் எடுக்கவில்லையே என்று வாசலில் கூட்டம் முணுமுணுக்கிறது. இவர்கள் கொல்லையில் வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். அப்போது உன் அம்மா நனைந்துகொண்டே வந்தாள்.

"ஐயா, எங்கிட்ட காஞ்சது இருக்கு. பெரிய ஐயாவுக்கு இல்லாததா? வண்டிய விடுங்க" என்றாள்.

மாரி, உன் கடிதம் அப்போது என் அஞ்சறைப்பெட்டிக்கு அடியில் இருந்தது. வேண்டாம் பேராச்சி என்று சொல்ல வாய் வந்தது. சொல்லவில்லை. உள்ளே மாமா கிடக்கிறார், வாசலில் ஊர் நிற்கிறது. வண்டி போய் அடுக்கு முழுவதையும் ஏற்றிக்கொண்டு போனது. அந்த மழையிலும் வைக்கோல் போட்டு மண் பூசி மூட்டினார்கள், கங்காய் எரிந்ததாம். மறுநாள் சாம்பல் பூவாக இருந்தது என்று இவர்கள் சொன்னார்கள்.

பிறகு இவர்கள் கைநிறையக் கொடுத்தார்கள். அவள் வாங்கவில்லை. "வித்திருந்தா வெல உண்டு ஐயா. இது எனக்குன்னு வச்சது, இதுக்கு வெல கெடையாது" என்று சொல்லிவிட்டுத் தொட்டியில் சாணி கரைக்கப் போய்விட்டாள்.

உனக்கு ஒரு வாக்குக் கொடுக்கிறேன். பங்குனி வெயில் போவதற்குள் அந்த அடுக்கு அதே உயரத்துக்கு எழும்பும். அதற்குச் சாணி நான் கொடுப்பேன். இலஞ்சிக் குமரன் சாட்சி.

உன் அம்மாவைச் சொல்லச் சொன்னேன். "ஒண்ணும் இல்ல, நல்லா இருக்கேன்னு எழுதுங்க" என்றாள்.

உன்,
சுந்தரி


தாராவி,
1-9-1982

அன்புள்ள சுந்தரி,

பெரிய ஐயாவுக்காக வருத்தப்படுகிறேன். பள்ளிக்கூடம் விட்டு வரும்போது நம் இரண்டு பேருக்கும் கொய்யாப்பழம் கொடுத்தவர். உனக்குக் கையில், எனக்குத் தூக்கிப் போட்டு. ஆனாலும் கொடுத்தவர்.

அம்மா கொடுத்தது அவள் இஷ்டம். அவளைத் தெரிந்தவள் என்கிற முறையில் எனக்கு ஆச்சரியம் இல்லை. நீ வாக்குக் கொடுத்திருக்கிறாய், எனக்கு அது போதும். ஒன்று மட்டும். அவளுக்குத் துட்டோ துணியோ கொடுத்துச் சரிக்கட்ட வேண்டாம். சாணி கொடு. தையில் ஆரம்பித்தால்தான் சித்திரைக்குள் தட்டிக் காயவைத்து அடுக்க முடியும். வெயில் போய்விட்டால் ஒன்றும் செய்ய முடியாது.

இவர் இப்போது பிவண்டி பக்கம் விசைத்தறியில் வாரத்துக்கு நாலு நாள் ஓட்டுகிறார். இருக்கிறோம்.

உன்,
மாரி


இலஞ்சி,
2-3-1983

அன்புள்ள மாரிக்கு,

இவ்வளவு நாள் எழுதாததற்குத் திட்டு, வாங்கிக்கொள்கிறேன்.

ஐப்பசி மழை பொய்த்தது உனக்கும் தெரிந்திருக்கும். குளம் பாளம் பாளமாக வெடித்துக் கிடக்கிறது. வைக்கோல் விலை யானை விலை. மூன்று மாட்டை விற்றாகிவிட்டது. நிற்கிற மாடும் எலும்பும் தோலுமாக நிற்கிறது. தீனி இல்லாத மாடு சாணி எங்கே போடும்? டிரம் பாதிதான் எழும்புகிறது. நெல் இல்லை என்று உன் அம்மாவுக்கு அளப்பதையும் பாதியாக்கிவிட்டார்கள். நான் என் சாப்பாட்டில் எடுத்து வைத்துக் கொடுத்தால், "சாப்பிட்டுட்டேன் சின்னாச்சி" என்கிறாள். அவள் சாப்பிடவில்லை என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

ஆனாலும் வாக்கை மறக்கவில்லை. தை பிறந்ததும் தினமும் இவர்கள் வயலுக்குப் போன பிறகு ஒரு கூடைச் சாணியை உன் அம்மாவிடம் கொடுத்தேன். அவளும் மடியில் குழந்தையைக் கொண்டுபோகிற மாதிரி முந்தானையால் மூடிக் கொண்டுபோவாள். முழங்கால் உயரத்துக்கு அடுக்கு வந்துவிட்டது என்று காட்டக்கூட என்னைக் கூப்பிட்டாள்.

மாசி நடுவில் ஆபீஸிலிருந்து ஜீப்பில் வந்தார்கள். சுற்று வட்டாரத்திலேயே நன்றாக நடக்கிற கோபர் கேஸ் எங்களுடையது என்று கடையத்திலிருந்து மாடு வைத்திருக்கிற சம்சாரிகளை வேறு காட்டுவதற்குக் கூட்டிவந்திருந்தார்கள். எல்லாருக்கும் காப்பி போடச் சொன்னார்கள். பற்றவைத்தேன். நீலமாகக் கொஞ்சம் எரிந்தது, பிறகு துடித்துத் துடித்து அணைந்துவிட்டது. பத்துப் பேர் முன்னால் இவர்கள் முகம் செத்துப்போனது. எல்லாரும் போன பிறகு தொழுவில் நின்று, சாணி எங்கே போகிறது என்று கேட்டார்கள். நான் சொல்ல வேண்டியதாயிற்று.

அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. "லோன் கட்டுறது நான். யாரு கண்ணு சுகமாகணும்னு இதை வச்சேன்?" என்று மட்டும் கேட்டார்கள். இப்போது தொழுவுக்குப் பூட்டு. கூட்டுகிற நேரத்துக்கு மட்டும் திறக்கிறார்கள்.

ஆனியில் கார் சாகுபடிக்குத் தண்ணீர் வரட்டும், பச்சைப் புல் தலை காட்டட்டும், மாடு தேறிவிடும். அப்போது நானே கேட்டு வாங்கித் தருகிறேன். கொஞ்சம் பொறுத்துக்கொள்.

உன் அம்மா இப்போதெல்லாம் எழுதச் சொல்ல வருவதில்லை. கூட்டிவிட்டு நேரே குற்றாலம் ரோட்டில் போகிறாள், வண்டிமாடு போட்ட சாணியைப் பொறுக்க. அங்கேயும் கூடை வைத்துக்கொண்டு நாலு பேர் நிற்கிறார்களாம். டிரம் வைத்த வீடுகளுக்குக் கூடைச் சாணி இப்போது காசு.

உன்,
சுந்தரி


தாராவி,
30-3-1983

அன்புள்ள சுந்தரி,

உன் கடிதத்தை நாலைந்து தடவை வாசித்தேன். உன்மேல் கோபப்படத்தான் உட்கார்ந்தேன். கோபம் வந்தது, எழுத வரவில்லை.

பொறுத்துக்கொள் என்கிறாய். கார் தண்ணீர் வரும்போது சாரலும் வரும். அப்போது நீ வண்டி நிறையக் கொடுத்தாலும் காயுமா? உனக்குத் தெரியாததா, அந்த ஊரில் பிறந்தவள்தானே நீ. இன்னும் சித்திரை பாக்கி இருக்கிறது. வைகாசி பாதி இருக்கிறது. ஒரு மாதச் சாணி, சுந்தரி. உன் வீட்டு அடுப்பு ஒரு மாதம் விறகில் எரிய வேண்டும். உன் கண் ஒரு மாதம் எரிய வேண்டும். அதைத்தான் கேட்கிறேன், தெரிந்துதான் கேட்கிறேன்.

உன் வீட்டுக்காரரிடம் சொல். பெரிய ஐயா எதில் வெந்தார் என்று ஞாபகப்படுத்து. அதற்கு மேல் உனக்குச் சொல்லத் தைரியம் இல்லை என்றால் இந்தக் கடிதத்தை அப்படியே அவர் கையில் கொடு. காகிதத்தில் உன்னை நான் பெயர் சொல்லிக் கூப்பிடுவது தெரிந்துவிடும் என்று யோசிக்காதே. தெரியட்டும்.

உடனே பதில் போடு.

உன்,
மாரி


தாராவி,
12-6-1983

சுந்தரி,

பதில் இல்லை. கடிதம் கிடைத்ததா? அம்மா எப்படி இருக்கிறாள்? கார்டில் இரண்டு வரி போட்டாலும் போதும்.

மாரி


இலஞ்சி,
24-7-1983

என் மாரிக்கு,

தந்தி கிடைத்திருக்கும். நீ வருவாய் என்று செங்கோட்டை வண்டிக்கு ஆள் அனுப்பினேன். இரண்டு நாள் அனுப்பினேன்.

நடந்ததை எழுதுகிறேன். நீ கேட்காவிட்டாலும் நான் சொல்ல வேண்டும்.

இந்த வருஷம் சாரல் நன்றாகப் பிடித்துவிட்டது. உன் அம்மா சீசனுக்கு முகம்மது கனி கடையில் கிளாஸ் கழுவப் போய்க்கொண்டிருந்தாள். திரும்பும்போது ரோட்டில் கிடைக்கிற சாணியை அள்ளிக் கூடையில் வைத்துக்கொண்டு, ஓலையால் மூடி, தான் நனைந்துகொண்டே வருவாள். மழையில் அது எப்படிக் காயும் என்று ஒருநாள் கேட்டேன். "குடிசைக்குள்ள அடுப்புப் பக்கத்துல வச்சுக் காயப்போடுதேன் சின்னாச்சி" என்றாள். ஒன்றிரண்டு காயத்தான் செய்ததாம். ஜுரத்தோடும் போயிருக்கிறாள். கனி அண்ணாச்சிதான் ஒரு சாயங்காலம் அவளைத் தன் வண்டியில் வைத்துக் கொண்டுவந்து சேர்த்தார். தென்காசி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்றோம். வர மாட்டேன் என்று கட்டிலைப் பிடித்துக்கொண்டாள். நான் போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். ஊர் பார்த்தால் பார்க்கட்டும் என்றுதான் போனேன். "மாரிக்கு என்ன எழுத?" என்று கேட்டேன்.

"மை செலவாவும்" என்றாள். அப்புறம், "அடுக்கு எவ்வளவு இருக்கு பாருங்க" என்றாள். நான் பின்னால் போய்ப் பார்த்தேன். தையில் நான் கொடுத்தது சாரலில் கரைந்து, முழங்காலுக்கும் கீழே, ஒரு ஓரமாகக் கிடந்தது. உள்ளே வந்து, "நிறைய இருக்கு பேராச்சி" என்று சொன்னேன். அவள் என்னைப் பார்த்தாள். நம்பினாளா என்று தெரியவில்லை. விடிவதற்குள் போய்விட்டாள்.

இவர்களை ஒன்றும் சொல்லாதே. அன்றைக்கு இவர்களே தென்காசி விறகுக் கடைக்குப் போய் வண்டி நிறைய விறகு கொண்டுவந்தார்கள். பச்சை விறகு. மேலே மழை. ரேஷன் கடையில் மண்ணெண்ணெய் வரவில்லை. இருந்த வறட்டியை அடியில் போட்டு மூட்டிப் பார்த்தார்கள், புகைந்ததே தவிரப் பிடிக்கவில்லை. பொழுது சாயும்வரை பார்த்தார்கள். அப்புறம் உன் சாதிசனமே கூடிப் பேசி ஆற்றங்கரையில் வைத்துவிட்டார்கள்.

எழுதிவிட்டேன். மாரி, அன்றைக்குத் தொழு நிறையச் சாணி கிடந்தது. புல் முளைத்து மாடெல்லாம் தேறிவிட்டது. மழையும் சாணியுமாக எங்கே பார்த்தாலும் கிடந்தது. ஈரச் சாணியை வைத்துக்கொண்டு அன்றைக்கு யார் என்ன செய்ய? துட்டி கேட்கக் குடிசைக்கு வந்தவர்களுக்குக் கொடுத்தனுப்பக் காப்பி போட அடுப்படிக்குப் போனேன். பற்றவைத்ததும் பக்கென்று பிடித்து நின்று எரிந்தது. அதை நான் பார்த்துக்கொண்டே நின்றேன்.

உன் பங்குனிக் கடிதத்தை இவர்களிடம் கொடுக்கவில்லை. கொடுக்கலாம் கொடுக்கலாம் என்று வைத்திருந்தேன், வெயில் போய்விட்டது. பதில் போடாததும் அதனால்தான்.

என்னைத் திட்டி எழுது. எவ்வளவு வேண்டுமானாலும் திட்டு. எழுதாமல் மட்டும் இருந்துவிடாதே.

உன்,
சுந்தரி


பம்பாய்,
19-8-1983

உயர்திரு குத்தாலிங்கம் பிள்ளை அவர்கள் வீட்டுச் சின்னாச்சி அவர்களுக்கு,

மாரித்தாய் வணங்கி எழுதிக்கொள்வது.

தந்தி கிடைத்தது. டிக்கெட்டுக்கு இரண்டு நாள் அலைந்தும் துட்டுப் புரட்ட முடியவில்லை. வந்திருந்தாலும் என்னால் மழையை நிறுத்தியிருக்க முடியாது.

என் அம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்ததற்கும், விறகு வண்டிக்கும், செங்கோட்டைக்கு ஆள் அனுப்பியதற்கும் நன்றி. கடைசியில் அடுக்கு நிறைய இருக்கிறது என்று சொன்னதற்கும் நன்றி. நான் பக்கத்தில் இருந்திருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

திட்டி எழுதச் சொன்னீர்கள். புகை இல்லாமல் சமைக்க ஆசைப்படுவது தப்பு என்று நான் நினைக்கவில்லை. நானும் இங்கே அடுப்புக்கு எண்ணெய் தேடி வரிசையில் நிற்கிறவள்தான். உங்கள் கண் சரியாக வேண்டும் என்று அம்மாவும் விரும்பினாள். அவள் அதை எழுதச் சொன்னபோது உங்கள் கைதான் எழுதியது.

ஐப்பசியில் ஆறு பெருகும்போது யாரையாவது அனுப்பிக் கரையைப் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள் என்று கேட்கத்தான் முதலில் உட்கார்ந்தேன். வேண்டாம். ஐப்பசிக்கு நானே வருகிறேன். துட்டுச் சேர்த்துக்கொண்டிருக்கிறேன். கரையில் என் அம்மா நின்ற இடத்தில் நான் நின்றுகொள்வேன். உங்கள் தெருப் பக்கம் வர மாட்டேன்.

தொழுவில் அம்மாவின் கூடையும் விளக்குமாறும் இருக்கும். அடுத்துக் கூட்ட வருகிறவளுக்குக் கொடுத்துவிடுங்கள்.

காகிதத்தில் மட்டும் பெயர் சொல்லிக் கூப்பிடச் சொன்னீர்கள். கூப்பிட்டேன், நன்றாகத்தான் இருந்தது. பங்குனியில் கூப்பிட்டபோது நீங்கள் என்னவென்று கேட்கவில்லை. இனிமேல் எனக்கு இலஞ்சிக்கு எழுத ஆளும் இல்லை, எழுதச் சொல்ல ஆளும் இல்லை. நீங்களும் எழுத வேண்டாம்.

உங்கள் அடுப்பு அணையாமல் எரியட்டும்.

இப்படிக்கு,
பேராச்சி மகள் மாரித்தாய்